ஜீனோம் தரவை எட்ட இருந்து கேட்பது எப்படி?

ஒரு ஆளுடைய ஜீனோமை, அதாவது அவருடைய டிஎன்ஏயில் ஏ, சி, ஜீ, டீ என்ற நான்கு எழுத்துகளால் எழுதியிருக்கிற முழுவதையும், வழக்கமான 30 மடங்கு ஆழத்தில் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 தடவை) வாசித்து எடுத்தால் வருகிற கோப்பு சுமாராக 80 முதல் 100 ஜிபி வரும். திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டில் 20 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைப்பு இருக்கிறது என்று வையுங்கள். கரண்ட் போகாமல், இணைப்பு அறாமல், பக்கத்து அறையில் யாரும் யூடியூப் பார்க்காமல் இருந்தால் 100 ஜிபி இறங்கி முடிய 11 மணித்தியாலம். 100 பேருடைய தரவு வேண்டுமென்றால் இரவு பகலாக ஒன்றரை மாதம், அதுக்குப் பிறகு அதை வைக்க ஹார்ட் டிஸ்க்குக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

சரி, எப்படியோ இறக்கியாகிவிட்டது. அதில் நமக்குத் தேவையானது எவ்வளவு? தலசீமியா என்ற பரம்பரை இரத்தச் சோகை நோயைப் பற்றி ஆய்வு செய்கிறவர் முதலில் பார்ப்பது எச்பிபி என்ற ஜீனை. ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலி எப்படி அமைய வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கிறது. 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் அந்த ஜீனின் நீளம் 1,608 எழுத்து. மனித ஜீனோம் மொத்தம் ஏறத்தாழ 310 கோடி எழுத்து. கிட்டத்தட்ட 20 இலட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்க முழுக் கோப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறோம்.

இதையும், முழுதாக இறக்காமல் ஏபிஐ என்ற வழியால் வேண்டியதை மட்டும் கேட்கலாம் என்பதையும் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற ஒரு தம்பியிடம் சொன்னபோது, "அண்ணா, டவுன்லோட் பண்ணிப்போட்டு வேண்டியதை வெட்டி எடுக்கலாம்தானே, இதுக்கு ஏன் தனியா ஒரு ஏபிஐ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இன்னும் ஐந்தாறு வருடத்தில் நல்ல இணைப்பு வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பு ஒருவருடைய உடம்பைப் பற்றியது. அவர் ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கென்று சம்மதித்து இரத்தம் கொடுத்திருக்கிறார். நாளைக்கு அவர் "என்னுடையதை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால், ஒரு இடத்தில் இருந்தால் எடுக்கலாம். நாற்பது பல்கலைக்கழகத்து லேப்டாப்புகளில் பிரதி இருந்தால் யார் போய்த் தேடுவது? கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். ஜீனோம் வெளியே போனால் மாற்ற ஒன்றும் இல்லை, உங்கள் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் பாதி, கால் என்று அதே எழுத்துகள்தான் போகும்.

அதனால் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க, கேள்வி மட்டும் போய்ப் பதிலோடு வருகிற மாதிரி ஒழுங்கு செய்தார்கள். கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்று எழுதிவைத்த ஒப்பந்தம்தான் ஏபிஐ. இனி வரப்போகிற ஒவ்வொரு ஏபிஐயையும் ஒரே ஒரு கோணத்தில் பாருங்கள்: இது எவ்வளவுக்குப் பதில் சொல்கிறது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது? இந்தத் துறையில் உள்ள கஷ்டமான வேலை முழுவதும் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

ஏபிஐ என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போயிருப்பீர்கள். பதிவேட்டு அறைக்குள் உங்களை விடமாட்டார்கள். படிவத்தில் பெயர், திகதி, பதிவிலக்கம் எழுதிக் காசு கட்டிக் கவுண்டரில் கொடுத்தால், உள்ளே ஒருவர் பதிவேட்டைப் புரட்டி உங்களுக்குரிய ஒரு பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து முத்திரை குத்தித் தருவார். படிவம் பிழையென்றால் திருப்பி அனுப்புவார், உரிமை இல்லாதவர் கேட்டால் தரமாட்டார். ஏபிஐயும் அதேதான், கவுண்டருக்குப் பதில் ஒரு இணைய முகவரி, படிவத்துக்குப் பதில் அந்த முகவரியின் பின்னால் ஒட்டுகிற சில சொற்கள், முத்திரை குத்திய தாளுக்குப் பதில் பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவில் ஒரு சின்ன உரை. ஜேசன் என்று பயப்பட வேண்டாம். "பெயர்: இது, இடம்: இது" என்று அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாக எழுதிய பட்டியல், அவ்வளவுதான்.

போனிலேயே ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்

அனுமதி எதுவும் வேண்டாத, எல்லோருக்கும் திறந்த ஒரு ஏபிஐ இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஹின்க்ஸ்டன் என்ற இடத்தில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்துகிற என்செம்பிள். அதன் ஏபிஐயின் முகவரி ரெஸ்ட் டாட் என்செம்பிள் டாட் ஓஆர்ஜி. அதன் பின்னால் சரிவுக்கோடு போட்டு வேரியேஷன், ஹியூமன், ஆர்எஸ்334 என்று ஆங்கிலத்தில் அடுத்தடுத்து எழுத வேண்டும். பதில் ஜேசனாக வேண்டும் என்பதையும் கடைசியில் சேர்க்க வேண்டும், எப்படி என்று அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் மாதிரியோடு போட்டிருக்கிறார்கள். போன் பிரவுசரே போதும்.

ஆர்எஸ்334 என்பது அரிவாட்கலச் சோகைக்குக் காரணமான விகாரத்தின், அதாவது எழுத்து மாற்றத்தின், பதிவிலக்கம். நாம் மேலே பார்த்த அதே எச்பிபி ஜீனில்தான் இருக்கிறது. பதிலில் இடம் என்ற பகுதியில் 11ஆம் நிறமூர்த்தம், 5227002 என்று வரும். இனி அதே கேள்வியை என்செம்பிளின் பழைய சேவையகத்திடம், அதாவது ரெஸ்டுக்கு முன்னால் ஜிஆர்சிஎச்37 என்று சேர்த்துக் கேளுங்கள். இப்போது இடம் 5248232 என்று வரும். ஒரே விகாரம், ஒரே ஜீன், இடம் மட்டும் 21,230 எழுத்துத் தள்ளிப்போயிருக்கிறது!

இரண்டு பதிலும் சரிதான். ஜீனோமின் இடங்களை எண்ணுவதற்கு ஒரு பொதுப் பிரதி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள். அதன் 37ஆம் பதிப்பு 2009இல் வந்தது, 38ஆம் பதிப்பு 2013 கடைசியில். இடையில் விடுபட்ட துண்டுகளைச் சேர்த்தார்கள், பிழையானவற்றைத் திருத்தினார்கள், அதனால் இலக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. பல வைத்தியசாலை ஆய்வுகூடங்கள் இன்றைக்கும் 37இல் இருக்கின்றன. அதனால் ஒரு இடத்தின் இலக்கத்தைச் சொல்லிவிட்டு எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் அந்த இலக்கத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இதோடு முடியவில்லை. அரிவாட்கல விகாரத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஜீ-ஏ-ஜீ என்பது ஜீ-டீ-ஜீ ஆகிறது, அதாவது ஏ எழுத்து டீயாக மாறுகிறது என்று படித்திருப்பீர்கள். என்செம்பிளின் பதிலிலோ முதலில் டீ இருக்கும், மாறி வருவது ஏ. தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். டிஎன்ஏ இரட்டை இழை, எச்பிபி ஜீன் இருப்பது எதிர் இழையில். தரவுத்தளம் எப்போதும் முன் இழையைப் பார்த்து எழுதுகிறது, அதில் ஏக்கு எதிரே டீ, டீக்கு எதிரே ஏ.

அப்புறம் எண்ணத் தொடங்குவது எங்கிருந்து என்று ஒரு சண்டை. எழுத்து மாறியிருக்கிற இடங்களை மட்டும் பட்டியலிடுகிற விசிஎஃப் என்ற கோப்பு வடிவம் முதல் எழுத்தை 1 என்று எண்ணுகிறது. இயந்திரம் வாசித்த துண்டுகளை வைத்திருக்கிற பாம் என்ற கோப்பு உள்ளுக்குள் 0 என்று எண்ணுகிறது. பின்னால் வருகிற பீக்கன் என்ற ஏபிஐயும் 0இல் இருந்துதான். ஆகவே விசிஎஃபில் 5227002 என்று இருப்பதைப் பீக்கனிடம் 5227001 என்று கேட்க வேண்டும். ஒன்று தவறினால் ஏபிஐ பிழைச் செய்தி ஒன்றும் காட்டாது, மிக மரியாதையாக "இல்லை" என்று சொல்லிவிடும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிக ஆபத்தான பதில் அந்த மரியாதையான "இல்லை"தான். பிழையான கேள்விக்கு வந்த சரியான பதில் அது, பார்த்தால் ஆய்வு முடிவு மாதிரியே இருக்கும்.

இன்னொரு விசயமும் அந்தப் பதிலில் கேட்டு எடுக்கலாம். கேள்வியோடு பொப்ஸ் என்ற சொல்லையும் 1 என்ற இலக்கத்தையும் சேர்த்தால், எந்த மக்கள் கூட்டத்தில் இந்த எழுத்து எவ்வளவு வீதம் என்று நீண்ட பட்டியல் வரும். அதில் எஸ்டியூ என்று ஒரு குறியீட்டைப் பார்ப்பீர்கள். ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் என்று அதுக்கு அர்த்தம். 2008இல் தொடங்கிய 1000 ஜீனோம்ஸ் திட்டம் 2015இல் முடியும்போது 26 மக்கள் கூட்டங்களில் இருந்து 2,504 பேரை வாசித்திருந்தது, அதில் 102 பேர் நம்மவர்கள். அவர்கள் திருகோணமலையா, மட்டக்களப்பா, யாழ்ப்பாணமா என்று தரவில் இல்லை. இரத்தம் எடுத்தது இங்கிலாந்தில். உலகத்தில் எவரும் அனுமதி கேட்காமல் பார்க்கக்கூடிய இலங்கைத் தமிழ் ஜீனோம்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த 102ஐத்தான் எல்லோரும் எடுத்துக் கையாள்கிறார்கள். கோணேசர் கோயிலடியில் நிற்கிற ஒருவருக்கு லண்டன் மாதிரியை வைத்து மருத்துவம் சொல்வது எவ்வளவு சரி என்பது தனியாகக் கதைக்க வேண்டிய விசயம்.

துண்டு மட்டும் வேண்டும்

என்செம்பிளில் கேட்டது சுருக்கிவைத்த தகவல். ஒரு குறிப்பிட்ட ஆளின் மூலத் தரவையே, இயந்திரம் வாசித்த துண்டுகளையே பார்க்க வேண்டிவந்தால்?

முன்பெல்லாம் ஒவ்வொரு நிலையமும் தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு வழி வைத்திருந்தது. ஒரு இடத்துக்கு எழுதிய நிரல் இன்னொரு இடத்தில் ஓடாது. 2013இல் ஜிஏ4ஜிஎச் என்ற உலகக் கூட்டமைப்பு உருவானது இந்தத் தலையிடிக்காகத்தான். ஆய்வு நிறுவனங்கள், வைத்தியசாலைகள், மென்பொருள் செய்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொள்கிற இடம் அது. அவர்கள் தரவு வைத்திருப்பதில்லை, ஒப்பந்தம் மட்டும் எழுதுகிறார்கள். யாரும் அதன்படி சேவையகம் செய்யலாம், யாரும் அதன்படி கேட்கலாம்.

அதில் ஒன்று எச்டிஎஸ்கெட். நீங்கள் கொடுப்பது ஆளின் மாதிரி இலக்கம், நிறமூர்த்தம் 11, தொடக்கம் 5225463, முடிவு 5227071. (முன்னால் சொன்ன 0 கணக்கு இங்கேயும் உண்டு, முடிவு இலக்கம் சேர்த்தி இல்லை. கழித்துப் பாருங்கள், சரியாக 1,608 வரும்.) சேவையகம் உடனே தரவை அனுப்பாது. அது முதலில் ஒரு டிக்கெட் தரும். டிக்கெட் என்றே பெயர். அதில் ஒரு பட்டியல்: முதல் துண்டு இந்த முகவரியில், இரண்டாவது துண்டு அந்த முகவரியில் இத்தனையாவது பைட்டில் இருந்து இத்தனையாவது பைட் வரை, கடைசித் துண்டு இதோ இங்கேயே எழுதியிருக்கிறேன் என்று. உங்கள் நிரல் அவற்றை ஒவ்வொன்றாகவோ ஒரே நேரத்திலோ எடுத்து, சொன்ன வரிசையில் ஒட்டினால் முழுமையான ஒரு சின்னப் பாம் கோப்பு கையில் வரும்.

ஏன் இந்தச் சுற்று வழி? தரவு இருப்பது எங்கோ ஒரு பெரிய கிளவுட் சேமிப்பில். ஏபிஐ சேவையகம் எல்லாப் பைட்டையும் தன் வழியாக அனுப்பினால் ஐந்து பேர் சேர்ந்து கேட்டாலே படுத்துவிடும். டிக்கெட் கொடுத்து நேரே அங்கே போ என்று சொல்லிவிட்டால் அதுக்குச் சுமை இல்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் மட்டும் நீ யார், உனக்கு உரிமை உண்டா என்று பார்த்தால் போதும். எச்பிபி ஜீனின் மேல் விழுகிற துண்டுகள் 30 மடங்கு ஆழத்தில் சில நூறுதான் இருக்கும், வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படத்தை விடப் பெரிதாக வராது. ஒன்று கவனிக்க வேண்டும்: பாம் கோப்பு கட்டி கட்டியாகச் சுருக்கி வைத்தது என்பதால், கேட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் சில துண்டுகள் கூடவே வரலாம். வேண்டாததை வடிகட்டுவது உங்கள் பொறுப்பு.

இதோடு சேர்ந்தது ரெஃப்கெட். அந்தப் பொதுப் பிரதியில் 37ஆ 38ஆ என்கிற தலையிடியை இது கொஞ்சம் தீர்க்கிறது. பெயரை நம்பினால் ஒருவர் 11 என்று எழுதுவார், இன்னொருவர் முன்னால் சிஎச்ஆர் என்று சேர்ப்பார், இரண்டும் ஒன்றா வேறா என்று தெரியாது. ரெஃப்கெட்டில் பெயரே கிடையாது. அந்த நிறமூர்த்தத்தின் முழு எழுத்தையும் எம்டி5 போன்ற ஒரு கணக்கில் போட்டு வருகிற குறியீடுதான் அதன் அடையாளம். ஒரே ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் குறியீடு முழுதாக மாறிவிடும். டிஆர்எஸ் என்று இன்னொன்று இருக்கிறது, கோப்பு எந்தக் கிளவுடில் இருந்தாலும் ஒரே அடையாள இலக்கத்தால் அதைக் கண்டுபிடிக்க. வேலை தொடங்கினால் அது தானாக விளங்கும், இங்கே நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

"உண்டா, இல்லையா" என்பதிலும் கசிவு

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2014இல் பீக்கன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யோசனை மிக எளிது. எந்த ஆளின் தரவும் வெளியே போகாது. 11ஆம் நிறமூர்த்தம், 5227001ஆம் இடம், டீக்குப் பதில் ஏ: உங்களிடம் இருக்கிற தரவில் யாரிடமாவது இது உண்டா? பதில் உண்டு, அல்லது இல்லை. அவ்வளவுதான். அரிய நோயுள்ள ஒரு பிள்ளையின் விகாரம் உலகத்தில் வேறு எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று வைத்தியர் கேட்க இது போதும். "உண்டு" என்று வந்தால் அந்த நிலையத்துக்கு எழுதி முறைப்படி பேசலாம். இதைவிடக் குறைவாகச் சொல்ல முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2015இல் சுயாஷ் ஷ்ரிங்கார்புரே, கார்லோஸ் புஸ்டமான்டே என்ற இருவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1,000 பேர் உள்ள ஒரு பீக்கனிடம் 5,000 கேள்வி கேட்டால், ஒரு குறிப்பிட்ட ஆள் அதுக்குள் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம், அவருடைய உறவினர் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். 65 பேர் மட்டும் உள்ள பீக்கனில் 250 இடங்களைக் கேட்டாலே போதுமாக இருந்தது.

எப்படி? உங்கள் ஜீனோம் ஏதோ ஒரு வழியில் என் கையில் இருக்கிறது என்று வையுங்கள். எச்சில் அனுப்பிப் பூர்வீகம் பார்க்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, அப்படி வந்த கோப்பு என்று வையுங்கள். அதில் உங்களிடம் இருக்கிற, ஆனால் ஊரில் மிகக் குறைவானவர்களிடம் இருக்கிற எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகப் பீக்கனிடம் கேட்கிறேன். ஒன்றுக்கு "உண்டு" என்றால் தற்செயல். நூறு அரிய எழுத்துக்கும் "உண்டு" என்றால் தற்செயலாக இருக்க வழியில்லை, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். இருந்தால் என்ன என்று கேட்கலாம். அந்தப் பீக்கன் ஒரு மனநோய் ஆய்வுக்கோ எச்ஐவி ஆய்வுக்கோ உரியது என்றால், உள்ளே இருப்பதே உங்களைப் பற்றிய செய்திதான்.

இதைச் சின்ன ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். 2022இல் ஏற்றுக்கொண்ட பீக்கனின் இரண்டாம் பதிப்பு மூன்று அளவில் பதில் சொல்லும்: உண்டு இல்லை மட்டும், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, அல்லது முழுப் பதிவு. கேள்வியோடு வயது, பால், நோய்க்குறி என்று வடிகட்டவும் முடியும். மிகவும் பயனுள்ளது, சந்தேகம் இல்லை. ஆனால் கற்பனைக்கு ஒரு கேள்வி: திருகோணமலை மாவட்டம், பத்து வயதுக்குக் கீழ், பெண் பிள்ளை, மண்ணீரல் பெருத்திருக்கிறது, மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். எண்ணிக்கை 1 என்று பதில் வந்தால், பெயர் எங்கும் இல்லாவிட்டாலும் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு தெருவுக்கே அது யார் என்று தெரிந்துவிடும். நம் ஊர்களில் மச்சான் மச்சாள் கலியாணம் புதிதில்லை, ஒரு குடும்பத்தைத் தொட்டால் நாலு குடும்பம் சொந்தம். தலசீமியா மாதிரி, தாய் தகப்பன் இருவரிடமும் இருந்து வந்தால்தான் வெளிப்படுகிற நோய்களை ஆராய அப்படியான குடும்பங்களின் தரவு மிகவும் பெறுமதியானது. அதே காரணத்தால் ஒருவருடையது வெளியே போனால் எல்லோருடையதும் போன மாதிரி. பிறகு பொம்பிளை பார்க்க வருகிற நேரத்தில் யார் எதைக் கதைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் நல்ல பீக்கன்களில் இப்போது வேலி போடுகிறார்கள். ஐந்து பேருக்குக் குறைவென்றால் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது, ஒரே ஆள் ஒரு நாளில் இத்தனை கேள்விக்கு மேல் கேட்க முடியாமல் செய்வது, மிக அரிய எழுத்துகளுக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்வது. எந்த வேலியும் முழுசாக அடைக்காது. பதில் சொல்லச் சொல்லக் கசிவு கூடும், பதிலே சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் வைத்தியருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கே நிறுத்துவது என்பதைக் கணக்கு மட்டும் சொல்லித்தராது, அந்தத் தரவு யாருடையதோ அவர்களும் இருந்து முடிவெடுக்க வேண்டிய விசயம் என்பது என் எண்ணம்.

யார் கேட்கலாம்

பதிவு செய்துகொண்டவர் என்று சொன்னேனே, அதை இயந்திரம் எப்படி அறியும்? ஐரோப்பாவில் ஈஜிஏ என்ற பெரிய காப்பகம் 2008 முதல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் ஒரு குழு உண்டு, விண்ணப்பத்தைப் படித்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல. மனிதர் படித்து முடிவெடுப்பதால் நாள் எடுக்கும். நோயாளி எதுக்குச் சம்மதித்தார் என்பது தாளில் பந்தி பந்தியாக எழுதியிருந்தால் அதை ஒவ்வொரு தடவையும் யாராவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இதைக் குறைக்க டியூஓ என்ற குறியீட்டுத் தொகுதி வந்தது: எந்த ஆய்வுக்கும் சரி, மருத்துவ ஆய்வுக்கு மட்டும், இந்த நோய்க்கு மட்டும், இலாப நோக்கில்லாதவர்களுக்கு மட்டும் என்று சம்மதங்களுக்கு நிலையான குறியீடுகள். குறியீடாக இருந்தால் நிரலே ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஆளைப் பற்றிய பக்கத்துக்குப் பாஸ்போர்ட் என்ற தரம். உங்கள் பல்கலைக்கழகம் "இவர் எங்கள் ஆய்வாளர்" என்று ஒரு விசா தரும், தரவுக் குழு "இந்தத் தொகுதியைப் பார்க்க அனுமதித்தோம்" என்று இன்னொரு விசா தரும். ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் மின்கையொப்பமும் முடிவுத் திகதியும் இருக்கும். கேள்வி கேட்கும்போது அதைச் சேர்த்து அனுப்பினால் சேவையகம் யாருக்கும் போன் எடுக்காமல் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவையும் சுகாதாரத் தரவையும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அதாவது சாதாரண முகவரி, போன் இலக்கம் போல இவற்றைக் கையாள முடியாது. பைனல் இயர் புரொஜெக்டுக்காக வைத்தியசாலையில் இருந்து பென் டிரைவில் தரவு வாங்கி வரலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்குங்கள்.

தரவை எடுக்காமல் கணக்கை அனுப்புவதும் ஒரு வழி. உங்கள் நிரலை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கொண்டெய்னர் என்ற ஒரே பொதியாகக் கட்டி, டபிள்யூஈஎஸ் அல்லது டெஸ் என்ற ஏபிஐ வழியாகத் தரவு இருக்கிற இடத்துக்கே அனுப்பினால், அங்கே ஓடி முடித்து விடையை மட்டும் திருப்பித் தரும். 2025 ஜனவரியில் இந்தியா 10,000 பேரின் ஜீனோம்களை ஆய்வாளர்களுக்குத் திறந்ததும் கட்டுப்பாடுகளோடுதான், தரவு இருப்பது பரிதாபாத்தில் உள்ள தேசிய நிலையத்தில்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஜீனோம் மட்டும் இருந்தால் பாதிக் கதைதான், ஆளுக்கு என்ன வருத்தம் என்றும் தெரிய வேண்டும். கிளினிக் கொப்பியில் ஒரு வைத்தியர் மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று முழுதாக எழுதுவார், இன்னொருவர் வயிறு வீக்கம் என்று விட்டுவிடுவார், மூன்றாமவர் இரண்டு எழுத்தில் சுருக்கிவிடுவார். கணினிக்கு மூன்றும் வேறு. எச்பிஓ என்ற பொதுப் பட்டியலில் மண்ணீரல் வீக்கத்துக்கு 0001744 என்று ஒரு இலக்கம், சோகைக்கு 0001903 என்று ஒரு இலக்கம். தமிழில் கேட்டு எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் இலக்கம் ஒன்றுதான். வைத்தியசாலைப் பதிவுகளைப் பரிமாறுகிற ஃபையர் என்ற தரமும் இப்படியான இலக்கங்களைச் சுமந்துகொண்டுதான் போகிறது. இந்த இலக்கம் போடுகிற வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் நம் பக்கத்தில் உடனே தொடங்கக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, விலை கூடின இயந்திரமும் வேண்டாம்.

கைவேலை தொடங்க விரும்புகிறவர்களுக்கு: பைதான் என்ற நிரல்மொழி தெரிந்தால் போதும். முதலில் என்செம்பிளிடம் பத்து விகாரங்களைக் கேட்கிற ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். விநாடிக்கு 15 கேள்விக்கு மேல் போனால் 429 என்று ஒரு இலக்கத்தைத் திருப்பி அனுப்புவார்கள், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்றும் அதோடு சொல்லியிருப்பார்கள், அதை மதித்துப் பொறுக்கிற மாதிரி எழுதுங்கள். அப்புறம் 1000 ஜீனோம்ஸில் இருந்து 11ஆம் நிறமூர்த்தத்தின் விசிஎஃபை எடுத்து, எஸ்டியூ 102 பேரில் பாதிப் பேரை மட்டும் வைத்து உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு பீக்கன் கட்டுங்கள், உண்டு இல்லை மட்டும் சொல்கிற மாதிரி. கட்டி முடிந்ததும் உங்கள் நண்பரிடம் 102 பேரில் ஏதாவது ஒருவருடைய தரவை எழுமாறாகத் தெரிவு செய்யச் சொல்லி, பீக்கனிடம் மட்டும் கேட்டுக் கேட்டு அந்த மாதிரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். யாருடைய பெயரையும் தேடவில்லை, மாதிரி இலக்கம் மட்டும்தான், தரவும் எல்லோருக்கும் திறந்தது. முதலில் ஊரில் எல்லோரிடமும் இருக்கிற எழுத்துகளைக் கேட்டுப் பாருங்கள், பிறகு அரியவற்றை மட்டும். எத்தனையாவது கேள்வியில் பிடிபடுகிறது என்று எழுதிவைத்துக்கொண்டு, எண்ணிக்கைக்கு ஒரு எல்லை, கேள்விக்கு ஒரு எல்லை என்று வேலியை ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.